சேஸியில் விரல் நுழையும் ஓட்டை: கம்பெனியிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

#1 செங்காந்தள்

எல்லோருக்கும் வணக்கம். 13 வயதான பிக்கப் வண்டி. எஞ்சின் இன்றைக்கும் பட்டுப் போல ஓடுகிறது. போன வாரம் ஸ்டெப்னிக்குக் காற்று இருக்கிறதா என்று பார்க்க அடியில் படுத்தேன். இடது பின்சக்கரத்துக்கு மேலே, பின் அச்சைத் தாங்கும் கமான் பட்டையின் (ஸ்பிரிங் பட்டை) முன்முனை மாட்டியிருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வண்டியையே தாங்கும் அடிச்சட்டமான சேஸியில் ஒரு துருச் செதில் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சுவரில் சுண்ணாம்புப் பொருக்கு நிற்குமே, அப்படி. விரலால் தட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து முகத்தில் விழுந்தது. கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஓட்டை. சுட்டுவிரல் இரண்டாவது கணு வரை போகிறது. உள்ளே ஈரச் சேறு.

டீலரிடம் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏற்றி, டார்ச் அடித்து, "வயசான வண்டிதானேம்மா, துரு சகஜம்" என்றார். கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணுக்குப் பேசினால், துரு வாரன்ட்டி எப்போதோ முடிந்துவிட்டது, வருத்தம் தெரிவிக்கிறோம் என்று பதில். வருத்தத்தை வைத்து நான் என்ன செய்ய?

கம்பெனியின் பெயரை இங்கே போடப்போவதில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை. மூன்று கேள்விகள். இதை ஓட்டலாமா? கம்பெனி ஏதாவது செய்யும் என்று நம்பலாமா? என் வீட்டுக்காரர் "ஒரு தகடு வைத்து அடித்துக் கறுப்பு பெயின்ட் பூசிவிட்டால் இன்னும் நாலு வருஷம் போகும்" என்கிறார். போகுமா?

#2 நாலுசக்கரம்

முதல் கேள்விக்கு மட்டும் பதில்: ஓட்டாதீங்க அக்கா. கடைக்குக்கூட வேண்டாம்.

#3 பட்டறைக்காரன்

தங்கச்சி, முதலில் ஒரு சுத்தியல் எடு. பெரிய சம்மட்டி வேண்டாம், கைக்கு அடக்கமானது போதும். முன்பம்பரிலிருந்து பின்பம்பர் வரை சேஸியை ஒரு சாணுக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு "டிங்" என்று மணி மாதிரி சொல்லும், சுத்தியல் கையில் துள்ளும். இத்துப்போன இடம் "டொக்" என்று செத்த சத்தம் கொடுக்கும், சுத்தியல் துள்ளாது. சத்தம் மாறுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடு. அதன்பிறகு மழுங்கிய திருப்புளியால் அழுத்திப் பார். கூரானது வேண்டாம், அது நல்ல பெயின்டையும் கீறிவிடும்.

எங்கெல்லாம் கட்டாயம் பார்க்கணும்? கமான் பட்டை மாட்டும் இரண்டு முனைகள், ஷாக் அப்சார்பர் மேலே பிடித்திருக்கும் இடம், பெட்ரோல் டேங்க்குக்கு மேலே ஒளிந்திருக்கும் பகுதி, ஸ்டெப்னிக்கு மேலே போகும் குறுக்குச் சட்டம், பின் அச்சுக்கு மேலே சேஸி வளைந்து ஏறும் இடம். வளைவில்தான் சேறு தங்கும். முன்பக்கம் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கை (லோயர் ஆர்ம்) மாட்டியிருக்கும் காதுகளையும் விடாதே. ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையைக் கொடுக்காதே. ஸ்டாண்ட் போடு. அந்த ஸ்டாண்டையும் இத்துப்போன இடத்துக்குக் கீழே வைத்துவிடாதே. எங்கள் பட்டறையில் ஒருமுறை ஜாக்கி சேஸிக்குள்ளேயே ஏறிப்போனது. வண்டி தூக்கவே இல்லை, ஜாக்கி மட்டும் உயர்ந்துகொண்டே போகிறது. பிரமை பிடித்த மாதிரி நின்றுவிட்டோம்.

கடைசியாக பிரேக் பைப்பைப் பார். சேஸியை ஒட்டியே ஓடும். சேஸி இந்த நிலைமையில் இருந்தால் பக்கத்தில் போகிற பைப் மட்டும் சௌக்கியமாக இருக்காது.

தகடு அடிப்பதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதுவரை உன் வீட்டுக்காரரிடம் பெயின்ட் டப்பாவைக் கொடுக்காதே.

#4 சந்தேகப்பேர்வழி

எல்லோரும் திட்டுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 13 வருஷம் ஓட்டிவிட்டு இன்னும் கம்பெனி பொறுப்பேற்க வேண்டும் என்பது என்ன நியாயம்? வீட்டு ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் கொத்தனாரைத் தேடிப்போகிறோமா? அடிப்பகுதியை எத்தனை முறை கழுவினீர்கள்? அதையும் சொல்லுங்கள்.

#5 செங்காந்தள்

குளிர்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுவோம். சர்வீஸ் எல்லாம் டீலரிடம்தான், பில் அத்தனையும் இருக்கிறது. போன வருஷ சர்வீஸ் தாளில் "அடிப்பகுதி: சரி" என்று டிக் அடித்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது.

#6 கோப்புக்காரி

அந்தத் தாளை லேமினேட் செய்து வையுங்கள் தோழி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஒரு கார் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் பல வருஷம் குப்பை கொட்டியவள். இப்போது அங்கே இல்லை, அதனால் மனம்விட்டு எழுதுகிறேன். உங்கள் மெயில் எங்கள் மேசைக்கு வரும்போது அதைப் படிப்பவர் இரக்கமில்லாதவர் அல்ல. ஆனால் அவர் முன்னால் இருக்கும் திரையில் இரக்கத்துக்கு என்று கட்டம் கிடையாது. சேஸி எண், முதல் விற்பனைத் தேதி, ஓடிய தூரம், எந்தப் பாகம், எவ்வளவு சேதம், யார் பரிசோதித்தார்கள். இவ்வளவுதான் கட்டங்கள். "15 வருஷமாக உங்கள் வண்டிதான், இப்படிக் கைவிட்டீர்களே" என்று எழுதினால் அது எந்தக் கட்டத்திலும் போய் விழாது.

உள்ளே போக மூன்று கதவுகள் உண்டு. முதலாவது ரீகால். பாதுகாப்புக் குறைபாடு என்று முடிவாகி, கம்பெனி இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது. உங்கள் சேஸி எண்ணை அரசின் ரீகால் தேடலிலும் கம்பெனியின் தேடலிலும் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் போடுங்கள். இரண்டாவது, ரீகால் என்ற பெயரில்லாமல் கம்பெனி தானாக அறிவிக்கும் நீட்டித்த உத்தரவாதம். இது பெரும்பாலும் அரசின் தேடலில் வராது. டீலரின் கணினியில் மட்டும் தெரியும். அதனால் "ரீகால் இருக்கிறதா" என்று கேட்டால் டீலர் இல்லை என்பார், பொய்யும் ஆகாது. "என் சேஸி எண்ணுக்குத் திறந்திருக்கும் சேவைத் திட்டம், நீட்டித்த வாரன்ட்டி ஏதாவது உண்டா" என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும். மூன்றாவது நல்லெண்ண உதவி. சட்டப்படி கடமை இல்லை, ஆனாலும் தருவார்கள். இந்தக் கதவை டீலரால் திறக்க முடியாது, வட்டாரப் பிரதிநிதியால்தான் முடியும். அவர் வந்து பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாரன்ட்டி புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். பல கம்பெனிகளின் துரு உத்தரவாதம் "உடல் தகடு உள்ளிருந்து வெளியே துளைபடுதல்" என்றுதான் இருக்கும். உடல் தகடு என்றால் கதவு, பானெட், கூரை. சேஸி அதில் சேராது என்று அடுத்த பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். துளை விழுந்தால்தான் கணக்கு. மேலே படர்ந்த துரு எவ்வளவு கோரமாக இருந்தாலும் அது "மேற்பரப்புத் துரு". உங்களுக்கு விரல் நுழைகிறது. வேதனைதான், ஆனால் காகிதத்தில் அது உங்கள் பலம்.

அதனால்தான் இப்போது தகடும் வேண்டாம், பெயின்ட்டும் வேண்டாம். பிரதிநிதி வந்து பார்க்கும்வரை அந்த ஓட்டை அப்படியே இருக்கட்டும். பூசி மறைத்த ஓட்டை அவர் பார்வையில் ஓட்டையே இல்லை. பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டே ஒன்று, ஓட்டையும் நம்பர் பிளேட்டும் ஒரே வீடியோவில் வருகிற மாதிரி ஒன்று. முகத்தில் விழுந்த செதிலைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா?

#7 செங்காந்தள்

ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஏன் வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

#8 உலோகம்

எஞ்சின் பட்டு, சேஸி பொருக்கு. இது எப்படி என்று பலர் கேட்பதால் கொஞ்சம் இரும்பு புராணம்.

இவருடைய வண்டியின் சேஸி பெட்டி வடிவம். நான்கு பக்கமும் மூடிய குழாய் மாதிரி. திறந்த சி வடிவச் சட்டத்தைவிட முறுக்கம் தாங்கும், ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும். விலை என்னவென்றால், உள்ளே போனது வெளியே வராது. தண்ணீர் வடிய ஓட்டைகள் வைத்திருப்பார்கள். அதே ஓட்டைகள் வழியாகத்தான் சக்கரம் வாரியடிக்கும் சேறும் உள்ளே போகிறது. சேறு ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சு. வெளிப்பக்கம் பளபளவென்று பெயின்ட் இருக்கும்போதே உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். சேஸியைப் பூச்சுத் தொட்டியில் முக்கினாலும் மூடிய பெட்டியின் உட்புறம் முழுவதும் சமமாகப் பூச்சு ஏறுவது கடினம்.

அடுத்தது, குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் தூவும் உப்பு. உப்பு இரும்பைத் தின்பதில்லை. ஆனால் தண்ணீரை நல்ல மின்கடத்தியாக்குகிறது, குளோரைடு இரும்பின் மேலிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தைக் குலைக்கிறது. சாதாரண உப்பு, காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் தானாகக் கசியும். பனிச்சாலைகளில் தெளிக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். அதாவது நமக்கு "காய்ந்த நாள்" என்று தோன்றும் நாளிலும் வண்டியின் அடி ஈரமாகவே இருக்கும். பனி படிந்த வண்டியைக் கதகதப்பான ஷெட்டில் நிறுத்துவதால் நல்லது செய்கிறோம் என்று நினைப்போம். வெப்பம் கூடினால் வேதிவினையும் வேகமாகும். உப்போடு வண்டியை உள்ளே விட்டால் துருவுக்கு மெத்தை போட்டுக் கொடுத்த மாதிரி.

செதில் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று கேட்பீர்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். பார்க்கக் கெட்டியாகத் தெரியும். சுமார் 3 மில்லிமீட்டர் தகடு 8 மில்லிமீட்டராக வீங்கியிருந்தால் "அடேயப்பா, எவ்வளவு திடம்" என்று நினைக்காதீர்கள். வீங்கிய ஊறுகாய் மூடியைப் பார்த்து ஜாடி நிறைய ஊறுகாய் என்று நினைப்பது போலத்தான் அது.

#9 சந்தேகப்பேர்வழி

ஆக உப்பும் சேறும்தான் காரணம் என்று நீங்களே சொல்கிறீர்கள். இரண்டையும் கம்பெனி கொண்டுவந்து கொட்டவில்லை.

#10 துருவன்

பெயரிலேயே துரு இருப்பதால் இந்த இழையில் நான் வராவிட்டால் எப்படி.

சந்தேகம் சார், அதே உப்பில், அதே ஊரில், அதே வயதில் ஒரு மாடல் நிற்கிறது, இன்னொன்று இரண்டாக மடிகிறது என்றால் அப்போது உப்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த வாதத்தில் கம்பெனிகளே இறங்கி வந்த வரலாறு உண்டு.

பழசிலிருந்து வருகிறேன். 1980-ல் பிரிட்டனில் லான்சியா பீட்டா என்ற இத்தாலியக் கார். எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம் துருவில் விட்டுப்போகிறது என்று பத்திரிகைகள் கிழித்தன. கம்பெனி பாதிக்கப்பட்ட ஆரம்பகால வண்டிகளை உரிமையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கியது. ஆனாலும் அந்தப் பெயர் அங்கே நிமிரவே இல்லை. 1994-ல் லான்சியா பிரிட்டனை விட்டே போனது.

அடுத்தது அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப். 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்கு 2008-ல் சேஸித் துளைக்கு மட்டும் 15 வருஷ உத்தரவாதம், எத்தனை மைல் ஓடியிருந்தாலும். சரிசெய்ய முடியாத நிலை என்றால் அன்றைய சந்தை மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கு கொடுத்து வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறகு 2001 முதல் 2004 வரையிலான மாடல்களையும் சேர்த்தார்கள். காரணமாகச் சொன்னது, சேஸிக்குத் துருக்காப்பு போதுமான அளவு செய்யப்படவில்லை என்பது. அந்தச் சேஸிகளைச் செய்து கொடுத்த டேனா நிறுவனம் 2011-ல் டொயோட்டாவுக்கு 2.5 கோடி டாலர் தந்து கணக்கை முடித்தது. உப்பு மட்டும்தான் குற்றவாளி என்றால் அந்தப் பணம் எதற்கு?

அதோடு ஓயவில்லை. அடுத்த தலைமுறை டகோமா, அதே கம்பெனியின் டண்ட்ரா, செக்கோயா வண்டிகள் வைத்திருந்தவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2016-ல் சமரசம். சுமார் 15 லட்சம் வண்டிகள், மதிப்பு 340 கோடி டாலர் வரை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஒப்பந்தம். அதில் வைத்த அளவுகோலைக் கவனியுங்கள்: 10 மில்லிமீட்டர் அல்லது அதற்குமேல் துளை இருந்தால் சேஸி மாற்றம். கோப்புக்காரி அக்கா "ஸ்கேலை வைத்துப் படம் எடு" என்று சொன்னதன் அருமை இங்கே புரியும்.

2000 முதல் 2003 வரையிலான டண்ட்ரா கதை இன்னும் நேரடி. பின் குறுக்குச் சட்டம் இத்துப்போய் ஸ்டெப்னி நடுரோட்டில் கழன்று விழ வாய்ப்பு, பிரேக் பைப்பும் அதே இடத்தில். 2009-ல் சுமார் 1,10,000 வண்டிகளுக்கு ரீகால், அதுவும் உப்புத் தூவும் மாநிலங்களுக்கு. 2010-ல் ஃபோர்டு வின்ட்ஸ்டார் வேனுக்கு ரீகால், பின் அச்சு துருவில் விரிசல் விட்டதற்காக. 5 லட்சத்துக்கு மேல் வண்டிகள்.

இதோடு நிறுத்தினால் உங்களை ஏமாற்றியதாகும். எதிர்க் கதையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் பழைய பிக்கப்களில் பிரேக் பைப் துருப்பிடித்து வெடிப்பதை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் வருஷக்கணக்கில் ஆராய்ந்தது. 2015 ஏப்ரலில் ரீகால் இல்லாமல் கோப்பை மூடியது. வண்டி வயதாகித் தேய்ந்த விஷயம், மற்ற கம்பெனி வண்டிகளிலும் இருக்கிறது என்பது அதன் முடிவு. கூடவே "அடிப்பகுதியைக் கழுவுங்கள், பைப்பைப் பாருங்கள்" என்று ஓர் அறிவுரை. ஆக, ஒரு மாடல் மட்டும் மற்றவற்றைவிட மோசம் என்று காட்ட முடிந்தால் கதவு திறக்கும். எல்லாம் ஒரே மாதிரி இத்துப்போகிறது என்றால் கதவு சாத்தப்படும்.

அங்கே இன்னொரு வரம்பு: ரீகால் இலவசமாகக் கிடைக்க வேண்டுமென்றால் வண்டி முதலில் விற்று 15 வருஷத்துக்குள் இருக்க வேண்டும். 2015 வரை அது 10 வருஷமாக இருந்தது. அக்கா வண்டிக்கு 13. எந்த நாட்டில் இருந்தாலும் தேதியைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

#11 நாலுசக்கரம்

அடேங்கப்பா. நான் ஒரு வரியில் சொன்னதற்கு இவர் தாத்தா காலத்திலிருந்து ஆதாரம் கொண்டுவந்துவிட்டார்.

#12 மாலைநேரம்

என்னென்னவோ பேசுகிறீர்கள். சுலபமான வழி இருக்கே. கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்துவிட்டால் அடியில் புது வண்டி மாதிரி இருக்கும். எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடுங்கள். வாங்குபவன் பார்த்து வாங்கட்டும். எல்லோரும் செய்வதுதான்.

#13 பட்டறைக்காரன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது. உன் பூசணிக்காயை வேறு ஒருத்தன் பெண்டாட்டி பிள்ளையோடு ஓட்டிக்கொண்டு போவான். அந்த ரப்பர் கோட்டிங்கைத் துருவின் மேல் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இரட்டை வேகத்தில் தின்னும். ஆறு மாதம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் பாம்புச் சட்டை மாதிரி நீளமாக உரிந்துவரும், கூடவே சேஸியும் கையோடு வரும். இழுத்துப் பார்த்திருக்கிறேன்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். வயதான வண்டியின் அடி மட்டும் புதுக் கறுப்பாக மின்னினால் சந்தேகப்படு. துரு தெரிகிற வண்டியை நம்பலாம், மின்னுகிற வண்டியைத் தட்டிப் பார்க்காமல் தொடாதே.

#14 நெறியாளர்

குறையை மறைத்து விற்கும் வழிகளை இங்கே பேச வேண்டாம். மாலைநேரம், இது முதல் எச்சரிக்கை. மற்றவர்கள் தொடருங்கள்.

#15 பட்டறைக்காரன்

வெல்டிங் பற்றி எழுதுகிறேன் என்றேன்.

சேஸியில் ஒட்டுப் போடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஒட்டின் நான்கு ஓரமும் நல்ல இரும்பில் உட்கார வேண்டும். ஓட்டை ஒரு விரல் அளவுதான், சரி. ஆனால் நல்ல இரும்பு கிடைக்கும்வரை சுற்றிலும் வெட்டிக்கொண்டே போனால் சில வண்டியில் ஒரு முழம் ஆகிவிடும். அப்படி வெட்டாமல் துருவின் மேலேயே தகட்டை வைத்துப் பத்தவைத்தால், சொத்தைப் பல்லுக்கு மேலே தங்கத் தொப்பி.

தகட்டைச் சதுரமாக வெட்டி, நேர்க்கோட்டில் மேலிருந்து கீழாகப் பத்தவைப்பான் அரைகுறை. அந்தக் கோட்டிலேயே சேஸி ஒடியும், ஏனென்றால் வெப்பம் பட்ட இரும்பு ஒரே வரிசையில் பலவீனப்பட்டு நிற்கும். வேலை தெரிந்தவன் தகட்டின் முனைகளைச் சாய்வாக, மீன் வால் மாதிரியோ வைரக் கட்டம் மாதிரியோ வெட்டுவான், சுமை ஒரே கோட்டில் விழாது. பத்தவைப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க்கை இறக்க வேண்டும், பேட்டரியைக் கழற்ற வேண்டும், ஒயர்களை ஒதுக்க வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் "அரை மணியில் முடித்துத் தருகிறேன்" என்பவனிடம் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடு. சில புது வண்டிகளில் உயர்வலு இரும்பு, அங்கே சூடு காட்டவே கூடாது என்று கம்பெனியின் பழுதுபார்ப்பு நூலிலேயே இருக்கும்.

இன்னொன்று. ஓட்டை நடுச் சட்டத்தில் இருந்தால் யோசிக்கலாம். உன்னுடையது கமான் பட்டை முனையிலிருந்து ஒரு சாண். அங்கே சுமை முழுக்க வந்து இறங்குகிறது. நானாக இருந்தால் அந்த வேலையை எடுக்க மாட்டேன்.

#16 துருவன்

அண்ணன் சொல்வதற்கு ஒரு எடுத்துக்காட்டு: பிரிட்டனில் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாதிரியான முக்கியப் பிடிமானங்களைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் துரு வலிமையைக் குறைத்திருந்தால் வண்டி தேறாது. 2018-லிருந்து குறைகளைத் தரம் பிரிக்கிறார்கள். "ஆபத்தானது" என்று எழுதிவிட்டால் சரிசெய்யாமல் ரோட்டில் ஏறவே கூடாது. ஒரு சாண் என்பது 30 சென்டிமீட்டருக்கு உள்ளேதான்.

#17 கல்தூண்

என்னுடையது சேஸி இல்லாத சாதாரண கார். அப்போ எனக்குக் கவலை இல்லைதானே?

#18 உலோகம்

தனிச் சேஸி இல்லை, அவ்வளவுதான். கார் உடம்பே சேஸி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, முன்னால் எஞ்சினைத் தாங்கும் துணைச்சட்டம், பின்னால் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். இந்த மூன்றும் போனால் உங்கள் காரும் போச்சு. தகடு இன்னும் மெல்லியது வேறு. பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள், மூடிக்குப் பின்னால்தான் விசேஷமே நடக்கும்.

#19 சந்தேகப்பேர்வழி

நேற்று ராத்திரி என் வண்டியைத் தட்டிப் பார்த்தேன். மூன்று இடத்தில் டிங். ஒரு இடத்தில் டொக். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

#20 பட்டறைக்காரன்

எந்த இடம் தம்பி?

#21 சந்தேகப்பேர்வழி

டேங்க்குக்கு மேலே. படம் எடுத்து அனுப்புகிறேன் அண்ணே. கோப்புக்காரி மேடம், அந்த மெயிலை எப்படித் தொடங்குவது?

#22 கோப்புக்காரி

சேஸி எண்ணில் தொடங்குங்கள். அடுத்த வரி முதல் விற்பனைத் தேதி. அடுத்து "இந்த இடத்தில், இத்தனை மில்லிமீட்டர் துளை, இந்தத் தேதியில் கண்டேன், வண்டியை நிறுத்திவிட்டேன்." அதன்பிறகு, என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை: வட்டாரப் பிரதிநிதியின் நேரடிப் பரிசோதனை. பணம், சேஸி, வழக்கு எதையும் முதல் மெயிலில் பேசாதீர்கள். வக்கீல் என்ற சொல் வந்தாலே எங்கள் அலுவலகத்தில் கோப்பு வேறு மேசைக்குப் போய்விடும், அந்த மேசையில் நல்லெண்ணம் என்று ஒன்று கிடையாது. முறையீட்டு எண் வாங்குங்கள். போனில் பேசினால் அன்றைக்கே "நாம் பேசியது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாக மறுப்பவர்களில் பாதிப் பேர் எழுதச் சொன்னால் மேலதிகாரியைக் கேட்கப் போவார்கள்.

அரசின் வாகனப் பாதுகாப்புத் துறையிலும் பதியுங்கள். உங்கள் ஒரு புகாரால் நாளைக்கே எதுவும் நடந்துவிடாது. அவர்கள் பார்ப்பது ஒரே மாடல், ஒரே இடம், திரும்பத் திரும்ப வருகிறதா என்பதைத்தான். எல்லோரும் "என் ஒருத்தன் புகாரால் என்ன" என்று விட்டுவிட்டால் அந்த வரிசை உருவாகவே உருவாகாது.

#23 செங்காந்தள்

ஆறு வாரம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

முதல் மெயிலுக்கு அதே "வருத்தம்". கோப்புக்காரி அக்கா சொன்ன வார்த்தைகளிலேயே இரண்டாவது மெயில் போட்டேன், போன வருஷ சர்வீஸ் தாளையும் இணைத்தேன். பதினோராம் நாள் வட்டாரப் பிரதிநிதி வருவதாகத் தகவல். வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டுதான் போனோம். ஒல்லியான மனுஷர், அதிகம் பேசவில்லை. முட்டிபோட்டு, என் விரல் போன ஓட்டையில் ஒரு சின்ன உலோக அளவுகோலை விட்டார். 34 மில்லிமீட்டர் என்று எழுதினார். ஐஸ்கிரீம் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார். "இப்படிப் பொருளோடு வருகிறவர்கள் குறைவு" என்றார்.

என் சேஸி எண்ணுக்கு ரீகால் இல்லை, திட்டமும் இல்லை. நல்லெண்ணத்தில் புதுச் சேஸியின் விலையைக் கம்பெனி ஏற்கும், வேலைக்கூலி என்னுடையது என்று எழுத்தில் வந்தது. சந்தோஷப்பட்டேன். கூலிக்கு மதிப்பீடு போட டேங்க்கை இறக்கினார்கள். வலதுபக்கமும் போயிருந்தது. இறக்கும்போதே பிரேக் பைப் ஒன்று விட்டுப்போனது. பட்டறைக்காரன் அண்ணன் சொன்னது அப்படியே. உடம்பைத் தூக்கி, எல்லாவற்றையும் கழற்றி, புதுச் சேஸியில் மாட்டும் கூலி வண்டியின் மதிப்பைத் தாண்டிவிட்டது. திரும்ப எழுதினேன்: நீங்கள் சேஸிக்குச் செலவழிக்க ஒப்புக்கொண்ட தொகையை உங்கள் அடுத்த வண்டியின் விலையில் கழித்துத் தர முடியுமா? இரண்டு வாரம் சத்தமில்லை. அப்புறம் முழுத்தொகை இல்லை, முக்கால்வாசி என்றார்கள். ஒத்துக்கொண்டேன். வண்டி அழிப்புக்குத்தான் போக வேண்டும், மறுவிற்பனை இல்லை என்று நானே நிபந்தனை போட்டேன், அழிப்புச் சான்றிதழும் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை. எஞ்சினை நினைத்துத்தான். எனக்கும்தான்.

#24 நாலுசக்கரம்

முக்கால்வாசியே பெரிசு அக்கா. எனக்கெல்லாம் "வருத்தம்" மட்டும்தான் கிடைத்தது.

#25 சந்தேகப்பேர்வழி

என்னுடைய பிரதிநிதி அடுத்த செவ்வாய் வருகிறார். துளை 8 மில்லிமீட்டர்தான். பெரிசாகவில்லையே என்று கவலைப்படும் நிலைமைக்கு வந்துவிட்டேன்.

#26 கோப்புக்காரி

திருப்புளியால் பெரிசாக்கிவிடாதீர்கள். புதுக் கீறல் பளபளக்கும், அவர்களுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

#27 செங்காந்தள்

கடைசியாக ஒன்று. புது வண்டி வந்துவிட்டது. எண்ணெய் கலந்த மெழுகு ஸ்பிரே இரண்டு டப்பா, நீளக் குழலோடு வாங்கி வைத்திருக்கிறேன். சேஸிக்குள் எந்த ஓட்டை வழியாக விடுவது அண்ணே?

#28 பட்டறைக்காரன்

முதலில் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடு. ஈரத்தின் மேல் அடித்தால் ஒட்டாது. பின்முனை பெரும்பாலும் திறந்துதான் இருக்கும், பம்பருக்குப் பின்னால் பார். குழலை அங்கிருந்து முன்னால் முட்டும்வரை தள்ளிவிட்டு, அடித்துக்கொண்டே மெதுவாக உருவு. வெளியே சொட்டினால் உள்ளே பரவியிருக்கிறது என்று அர்த்தம், கீழே பழைய அட்டை போட்டுக்கொள். வடிகால் ஓட்டையில் மெழுகு அடைத்தால் மறுநாள் ஒரு கம்பியால் குத்திவிடு. அடுத்த வருஷமும் அடிக்கணும், டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே.